புல்லுக்கு நாடி பார்த்தவர்

அந்த அக்டோபரில் எங்கள் ஊரில் ஐஸ்கிரீம் பக்கெட்டுக்குத் தட்டுப்பாடு வந்தது.

ஐஸ்கிரீமுக்கு அல்ல, பக்கெட்டுக்கு. நாலு லிட்டர் பிளாஸ்டிக் பக்கெட், மூடியோடு. மினசோட்டாவில் அது இல்லாத வீடு கிடையாது. அதில் ஆணி போட்டு வைப்போம். பிடித்த மீனை எடுத்து வருவோம். சர்ச் விருந்துக்கு உருளைக்கிழங்கு சாலட் கொண்டு போவோம். அந்த மாதம் புல் கொண்டு போனோம். நல்ல வெனிலாவைக் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டு, பக்கெட்டை மட்டும் பத்திரமாகத் துடைத்து எடுத்த குடும்பங்களை நான் அறிவேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே கோர்டனின் தூண்டில் கடை முன்னால் வரிசை நிற்கும். கம்பளித் தொப்பி, கையில் காபி, மறு கையில் பக்கெட். பக்கெட்டுக்குள் அவரவர் வீட்டுப் புல்தரையிலிருந்து மண்ணோடு வெட்டிய ஒரு கை அகலத் துண்டு. கடையின் பின்னறையில், புழுப் பெட்டிகளுக்கும் மீன்குஞ்சுத் தொட்டிகளுக்கும் நடுவே, டுவேன் ஹெக்லண்ட் உட்கார்ந்திருப்பார். கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்.

டுவேன் முன்பு வீட்டுச் சுவருக்கு அலுமினியத் தகடு விற்றவர். அதற்கும் முன்னால் தண்ணீரைச் சுத்தப்படுத்தும் கருவி. ஒரு நாள் தன் வீட்டுப் புல்தரையில் குப்புற விழுந்தார். விழுந்த இடத்தில் காதில் புல்லின் நாடித்துடிப்பு கேட்டதாம். எதனால் விழுந்தார் என்று யாரும் கேட்கவில்லை. நாங்கள் அப்படிக் கேட்கிற ஊர் அல்ல.

குளிர்காலத்துக்கு முன் புல்லுக்குக் கடைசியாக ஒருமுறை உரம் போட வேண்டும். இதில் பொய் இல்லை. இலை வளர்வதை நிறுத்திய பிறகும் வேர் கொஞ்ச நாள் விழித்திருக்கும். அப்போது கொடுப்பதை அது சேமித்து வைத்துக்கொள்ளும். வசந்தத்தில் அது சீக்கிரம் பச்சையாகும். எப்போது கொடுப்பது என்பதில்தான் டுவேன் உள்ளே நுழைந்தார்.

ஒவ்வொரு புல்தரைக்கும் தனியாக ஒரு நிமிடம் உண்டு என்றார். அந்த நிமிடத்தில்தான் வேர் வாயைத் திறக்கும். முந்திப் போட்டால் கருகும். பிந்திப் போட்டால் பட்டினி. அந்த நிமிடத்தை டுவேன் சொல்வார். அந்த நிமிடத்துக்குப் பொருத்தமான நீல உர மூட்டையையும் டுவேனே கொண்டுவந்து வாசலில் இறக்குவார். இயற்கை எவ்வளவு வசதியாக அமைந்திருக்கிறது பாருங்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. தேதியை வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் புல் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்ளும்.

வேறு ஊரில் இந்த நிபந்தனை ஒரு வாரம் தாங்கியிருக்காது. இங்கே தாங்கியது. அடுத்தவருடைய சம்பளம், அடுத்தவருடைய நோய், ஏரியில் அவருக்கு மீன் கிடைக்கும் இடம், இந்த மூன்றையும் கேட்பது எங்களுக்கு அநாகரிகம். டுவேன் நாலாவதாக ஒன்றைச் சேர்த்தார். வரிசையில் பேச்சு இப்படித்தான் போகும்:

"உங்களுக்கு எப்போன்னு சொன்னாரு?"

"அதைச் சொல்லக் கூடாதாமே."

"ஐயோ, நான் கேக்கலைங்க. சும்மா வாயில வந்துடுச்சு. குளிர் அவ்வளவா இல்லையே?"

"இன்னும் மோசமாவும் இருந்திருக்கலாம்."

இருவரும் காபியைக் குடிப்பார்கள்.

அந்த வரிசையில் என் மாமனார் லோவெல்லும் நின்றார். ஊர்க் கல்லறைத் தோட்டத்தைப் பதினோரு வருடமாகச் சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொள்பவர் அவர். என் மனைவி கேரின் மார்ச்சில் இறந்தாள். மண் உறைந்திருந்ததால் மே மாதம்தான் புதைத்தோம். கோடையெல்லாம் மண் அமரட்டும் என்று லோவெல் காத்திருந்தார். ஆகஸ்ட் கடைசியில் விதை தூவினார். தினமும் இரண்டு வேளை தண்ணீர் விட்டார். புல் வந்தது. மெல்லியது, கைக்குழந்தையின் முடி மாதிரி. அது குளிரைத் தாண்டுமா என்பதுதான் அந்த இலையுதிர் காலத்தில் அவருடைய ஒரே கவலை. எனக்கும் வேறு கவலை இருக்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் டுவேன் அந்தப் புல்லுக்கு நாடி பார்த்துத் தேதி சொன்னார். நவம்பர் இருபத்து நான்கு, திங்கட்கிழமை, காலை ஒன்பது இருபது.

அன்று இரவு உணவுக்கு வீட்டுக்குப் போனபோது லோவெல் அதை என்னிடம் மட்டும் சொன்னார். அவர் ஹாட்டிஷ் செய்திருந்தார். கறி, காளான் சூப், மேலே வரிசையாக உருளைக்கிழங்கு உருண்டைகள். அது மட்டும்தான் அவருக்குச் செய்யத் தெரியும்.

"நவம்பர் கடைசியில மண்ணு இரும்பா கெடக்கும், லோவெல்," என்றேன்.

"டுவேன் காதால கேட்டுச் சொல்லியிருக்காரு."

"உறைஞ்ச மண்ணுல போட்டா வேருக்குப் போகாது. பனி உருகறப்ப நேரா ஏரிக்குப் போகும். ஏரிதான் பச்சையாகும்."

"நீ காலேஜ்ல படிச்சவன்."

"அது ஒரு குத்தமா?"

"குத்தம்னு நான் சொன்னேனா? இன்னும் கொஞ்சம் போட்டுக்க."

போட்டுக்கொண்டேன். எங்கள் ஊரில் சண்டை இவ்வளவுதான். ஆனால் அவர் கரண்டியை வைத்துவிட்டு மறுபடி பேசினார்.

"முந்திப் போட்டு அது கருகிடுச்சுன்னா என்ன பண்றது, கர்ட்? மறுபடி விதைக்க இந்த வருஷம் நேரமில்ல. வேற எடமா இருந்தா நீ சொல்றத செஞ்சு பாப்பேன். அந்த எடத்துல நான் பரிட்சை பண்ண மாட்டேன்."

டுவேன் விற்றது உரத்தை அல்ல என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. எது போனால் ஒருவரால் தாங்க முடியாதோ, அதைக் கண்டுபிடித்து அதன்மேல் ஒரு தேதியை ஒட்டினார்.

லோவெல்லின் பக்கத்து வீட்டில் வசித்த தங்கை வேறு ஊருக்குப் போனபிறகு, அவருக்குத் துணையாக அடிக்கடி வருகிறவர் வெர்னா ஸ்டென்ருட். முப்பத்தோரு வருடம் எங்கள் ஊரில் வீடு வீடாகத் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர். மூன்றாவது தெருவில் ஒரு குட்டைக்கால் நாயோடு வாழ்கிறார். அக்டோபர் இரண்டாவது வாரத்தில் ஒரு மாலை, கையில் ஒரு காகிதத்தோடு சமையலறைக்குள் வந்தார்.

"லோவெல், உன் தேதிய நான் சொல்லட்டுமா? நவம்பர் இருபத்துநாலு."

லோவெல் என்னை முறைத்தார். "நீ சொன்னியா?"

"அவன் சொல்லல. அவன் எங்க வாயத் தொறக்கறான்? நானே கண்டுபிடிச்சேன்."

ஊரில் பதினாறு பேர் தங்கள் தேதியை வெர்னாவிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தார்கள். தபால்காரரிடம் ரகசியம் சொல்வது இங்கே வழக்கம். உறையைப் பார்த்து எப்படியும் தெரிந்துகொண்டிருப்பார் என்று ஒரு நினைப்பு. பதினாறையும் அவர் காகிதத்தில் எழுதியிருந்தார்.

"மூணாவது தெருவப் பாரு. எல்லாருக்கும் இந்த மாசம் செவ்வாய்க்கிழமை, இருபத்தொண்ணு. முதல் வீட்டுக்கு எட்டு பத்து. அடுத்த வீட்டுக்கு எட்டு இருபத்தஞ்சு. அதுக்கடுத்து எட்டு நாப்பது. வேரு வாயத் தொறக்கறதுல என்ன ஒழுங்கு பாத்தியா? ஒரு வாசல்ல மூட்டைய எறக்கிட்டு ரெண்டு வார்த்தை பேசிட்டுக் கெளம்பக் கால்மணி நேரம் ஆகும். எனக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷம் நான் போன வழி இது. ஏரிக்கரையில ஆரம்பிச்சு, தெருத்தெருவா வந்து, தண்டவாளத்தத் தாண்டினா கடைசி நிறுத்தம் கல்லறை."

"தற்செயலா இருக்கும்," என்றார் லோவெல். குரலில் முன்பிருந்த திடம் இல்லை.

"இருக்கலாம். பாத்துடலாமே. இந்தச் சனிக்கிழமை எல்லாரையும் மறுநாடிக்கு வரச் சொல்லியிருக்கான். என் வீட்டுப் புல்ல உன் பக்கெட்டுல நீ எடுத்துட்டுப் போ. கல்லறைப் புல்ல என் பக்கெட்டுல நான் கொண்டாரேன். தேதி புல்லோட போவுதா, ஆளோட போவுதா பாப்போம்."

லோவெல் சிரித்தார். மார்ச்சுக்குப் பிறகு நான் அதைக் கேட்டிருக்கவில்லை.

"டுவேன் மூடியத் தொறந்ததுமே மாத்தினதக் கண்டுபிடிச்சுச் சொல்லிடுவாரு, வெர்னா. உன் முகம் எங்க போகும்?"

"அவன் சொல்லிட்டா டிசம்பர் சர்ச் விருந்துக்கு லூட்டஃபிஸ்க் மொத்தமும் நானே கழுவறேன்."

லோவெல் நாற்காலியில் நிமிர்ந்தார். லூட்டஃபிஸ்க் என்பது காரச் சோடாவில் ஊறிக் கூழாகிப்போன மீன். எங்கள் முன்னோர் நார்வேயிலிருந்து தப்பி வந்தும் அதை விட்டுவிட்டு வரவில்லை. இருநூறு பேருக்கு அதை ஒருவர் தனியாகக் கழுவுவது தண்டனைச் சட்டத்தில் கூடக் கிடையாது.

"மொத்தமுமா?"

"மொத்தமும். தனியா. அவன் சொல்லலன்னா, அன்னைக்கே நீ அந்த எடத்துக்கு உரம் போடற."

பந்தயத்துக்கு லோவெல் கையை நீட்டினார்.

வெள்ளிக்கிழமை மாலை கேரினின் கால்பக்கத்து ஓரத்திலிருந்து அவரே ஒரு துண்டு புல்லை வெட்டி எடுத்தார். என்னைத் தொட விடவில்லை. அந்தப் பள்ளத்தில் புது மண் நிரப்பி உள்ளங்கையால் அழுத்தினார். இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், புல்லைப்பற்றி எதுவும் தெரியாதவனுக்கும் வித்தியாசம் தெரியும். ஒன்று ஏழு வாரப் பயிர். வேர் விரல் நீளம்கூட இல்லை. மற்றது வெர்னா வீட்டின் நாற்பது வருடப் புல். பாய் மாதிரி தடிப்பு. நடுவில் நாயின் தயவால் ஒரு மஞ்சள் வட்டம்.

சனிக்கிழமை வெர்னா ஓர் உறையை ஒட்டி, கோர்டனிடம் கொடுத்து, கல்லாவில் வைத்திருக்கச் சொன்னார். முத்திரை குத்த முடியவில்லையே என்பதுதான் அவருக்குக் குறை.

பின்னறை வாசலில் டுவேனின் மனைவி மார்லிஸ் மேசை போட்டிருந்தார். வருகிற ஒவ்வொருவரிடமும் பெயர், தெரு, வீட்டு எண், பிறந்த நாள் கேட்டு அட்டையில் எழுதுவார். முன்பே வந்தவர்களின் அட்டையைப் பெட்டியிலிருந்து எடுப்பார். அட்டை முதலில் உள்ளே போகும். பிறகுதான் பக்கெட். புல்லின் நாடிக்கு வீட்டு எண் எதற்கு என்று அன்றுவரை எவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அன்று கூட்டம் அதிகம். அறைக்குள்ளேயே முப்பது பேர் சுவரோரம் நின்று மற்றவர்களின் முறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேதியை மட்டும் டுவேன் அட்டையில் எழுதி மடித்துக் கொடுப்பார். புல்லின் குணத்தை உரக்கச் சொல்வார். குணத்துக்குத்தான் கூட்டம்.

லோவெல் முதலில் போனார். டுவேன் அட்டையைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று லோவெல்லின் தோளைத் தொட்டார். வெர்னாவின் புல்மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். மிகச் சரியாக மஞ்சள் வட்டத்தின்மேல். கண்ணை மூடினார்.

"ம்ம். மெதுவா அடிக்குது, லோவெல். ரொம்ப மெதுவா. இது துக்கத்தக் குடிச்ச புல்லு. துக்கத்தக் குடிச்சது லேட்டாத்தான் தூங்கும். அதுக்குப் பசியும் லேட்டாத்தான் வரும்."

அறையில் இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். குட்டைக்கால் நாய் வெளியே வண்டியில் உட்கார்ந்து ஜன்னலை நக்கிக்கொண்டிருந்தது. தன் சிறுநீர் இவ்வளவு பேரை உருக்கும் என்று அது எதிர்பார்த்திருக்காது.

டுவேன் அட்டையை மடித்துக் கொடுத்தார். லோவெல் பிரித்துப் பார்த்தார். முகத்தில் எதையும் காட்டாமல் என் பக்கத்தில் வந்து நின்றார். அட்டையை என்னிடம் நீட்டினார். நவம்பர் இருபத்து நான்கு. ஒன்பது இருபது.

அடுத்து வெர்னா. அவர் அதுவரை டுவேனிடம் வந்ததில்லை. மார்லிஸ் புது அட்டை எழுதினார்.

டுவேன் அட்டையைப் படித்தார். பக்கெட்டின் மூடியைத் திறந்தார். மெல்லிய, வெளிர்ந்த, ஏழு வாரப் புல். அதன்மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். பெரிதாகச் சிரித்து, அட்டையில் தேதியை எழுதி மடித்து நீட்டினார்.

"அட, இது குஷியான புல்லு, வெர்னா. பழைய புல்லு, வேரு ஆழமாப் போயிருக்கு. நாயும் குழந்தைங்களும் ஓடி வெளையாடின எடம். துடிதுடின்னு அடிக்குது. ஒரு நாள் பொழுதும் கவலைப்பட்டதில்ல இது."

லோவெல் என் பக்கத்திலிருந்து ஓர் அடி முன்னால் போனார்.

லோவெல் பேசினார். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"அது என் பொண்ணு மேல இருக்கற புல்லு, டுவேன்."

டுவேன் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தார்.

"என்ன சொல்றீங்க?"

"பக்கெட்ட மாத்திக் கொண்டாந்தோம். நீங்க துக்கம் குடிச்சதுன்னு சொன்னது வெர்னாவோட நாய் ஒண்ணுக்குப் போற எடம்."

சுவரோரம் யாரோ சிரிப்பை இருமலாக மாற்ற முயன்றார். முடியவில்லை.

டுவேன் அசரவில்லை. அலுமினியத் தகடு விற்றவருக்கு நூறு வாசல் மூடியிருக்கும். "பக்கெட்ட மாத்தினா புல்லு குழம்பிடுங்க. பயந்துபோயி, கொண்டாந்தவங்க குரல்லயே பேசும். இதெல்லாம் அதுகிட்ட வெளையாடற விஷயமா?"

"சரி," என்றார் வெர்னா. "அப்ப கொண்டாந்தவங்க போதும்னா புல்லு எதுக்கு? பக்கெட்டு எதுக்கு? கழுத்துல அது எதுக்கு? அட்டைய மட்டும் வச்சுக்கிட்டுச் சொல்லிடேன். கோர்டன், அந்தக் கவர எடுத்துட்டு வா."

கோர்டன் உறையைக் கிழித்து உரக்கப் படித்தார். "வெர்னா ஸ்டென்ருட், மூணாவது தெரு, கடைசி வீடு. அக்டோபர் இருபத்தொண்ணு. காலை ஒன்பது பத்து."

வெர்னா தன் மடித்த அட்டையைப் பிரித்து மேசைமேல் வைத்தார். அக்டோபர் இருபத்தொன்று. காலை ஒன்பது பத்து.

"எனக்கும் நாடி பாக்கத் தெரியும்போல," என்றார். "ஆனா நான் புல்லத் தொடவே இல்லையே." பிறகு சுவரோரம் நின்றவர்களைப் பார்த்துத் திரும்பினார். "எல்லாரும் அவங்கவங்க அட்டையில இருக்கற தேதி நேரப்படி வரிசையா நில்லுங்க. சொல்ல வேணாம். நின்னாப் போதும்."

ஏரிக்கரைக்காரர் ஒருவர் முதலில் முன்னால் வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க டுவேன். சும்மா ஒரு இதுக்குத்தான்." அடுத்து அவர் பக்கத்தில் ஓர் அம்மாள். "மன்னிக்கணும், டுவேன்." ஒவ்வொருவரும் டுவேனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அவரைத் தோலுரித்தார்கள்.

வரிசை நின்றது. எல்லோரும் இடதுபக்கம் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் நின்றார். வலதுபக்கம் பார்த்தார்கள். அந்தப்பக்கத்து வீட்டுக்காரர் நின்றார். வீடுகளை எடுத்துவிட்டு ஆட்களை மட்டும் விட்டு வைத்தால் ஊர் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அறை. தெரு முனையில் வண்டி திரும்ப வேண்டிய இடத்தில் அரைமணி நேர இடைவெளி. டுவேன் மதியம் சாப்பிடும் உணவகத்துக்கு எதிர்வீட்டுக்காரருக்கு ஒரு மணிநேர இடைவெளி. அந்த வீட்டு வேர் மட்டும் டுவேன் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்திருக்கிறது.

"என்னப் பாக்காதீங்க," என்றார் மார்லிஸ். அவரை யாரும் பார்க்கவில்லை. "இருக்கறது ஒரு வண்டி. எல்லாருக்கும் ஒரே வாரம்னு சொல்லிட்டா யாரு தூக்கிப் போடறது? அவருக்கு முதுகுவலி வேற. தெரு வாரியாச் சொல்லுங்கன்னு நான்தான் சொன்னேன்."

"மார்லிஸ்," என்றார் டுவேன்.

"உண்மையத்தான சொல்றேன்."

யாரும் அடிக்கவில்லை. யாரும் கத்தவில்லை. ஒவ்வொருவராகப் பக்கெட்டின் மூடியை அழுத்தி மூடினார்கள். முப்பது மூடி, முப்பது 'டக்'. அதைவிடக் கடுமையான வசவை எங்கள் ஊரில் நான் கேட்டதில்லை. நீல மூட்டை வேண்டாம் என்று அட்டைகளை மார்லிஸின் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். டுவேனுக்கு நாள் நல்லபடி போக வாழ்த்தினார்கள்.

ஒரு பெண்மணி மட்டும் வாசலில் நின்று என்னைக் கேட்டார். "இருந்தாலும் அந்த மாத்தின பக்கெட்டுல இருந்த புல்லு, ஒருவேளை நிஜமாவே குழம்பியிருக்குமோ?"

நான் அவருக்காகக் கதவைத் திறந்து பிடித்தேன்.

விவசாயக் கூட்டுறவுக் கடையில் சாதாரண வெள்ளை உர மூட்டை ஒன்று வாங்கிக்கொண்டு கல்லறைக்குப் போனோம். லோவெல் பத்து நாளாகப் புல் வெட்டும் இயந்திரத்தை வெளியே எடுக்கவில்லை. எடுக்க அவசியம் வரவில்லை. புல் வளர்வதை நிறுத்திவிட்டது. ஆனால் பச்சையாகத்தான் இருந்தது. வெர்னா குனிந்து ஒரு விரலை மண்ணுக்குள் விட்டார். இரண்டாவது கணு வரைக்கும் போனது.

"இதான் நேரம், லோவெல். வளர்றது நின்னிருக்கணும், பச்ச இருக்கணும், மண்ணு எடம் விடணும். இந்த மூணும் இருந்தாப் போதும். உரம் எவ்வளவுன்னு மூட்டை மேலயே போட்டிருக்கான்."

அதையே மற்றவர்களுக்கும் சொல்ல வெர்னா ஊருக்குள் போனார். மற்ற இடத்துக்கெல்லாம் நான் தூவும் வண்டியைத் தள்ளினேன். கேரினின் இடத்துக்கு லோவெல் கையாலேயே போட்டார். மூட்டையில் எழுதியிருந்த அளவை மூன்றுமுறை படித்தார். அளந்தார். கொஞ்சம் திருப்பிக் கொட்டினார். பிறகு மண்டியிட்டு, உப்புத் தூவுகிற மாதிரி, விரல் நுனியால் தூவினார்.

"கருகாதுல்ல?" என்றார்.

"கருகாது," என்றேன்.

"எப்படிச் சொல்ற?"

அவர் என்னை அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் காரணத்தைச் சொன்னேன். அளவு, ஈரம், மண்ணின் சூடு, வேரின் வயது. அவர் ஒவ்வொன்றுக்கும் நடுவில் கேள்வி கேட்டார். இருட்டத் தொடங்கும்வரை கேட்டார்.

நாங்கள் கிளம்பும்போது கோர்டனின் வண்டி வாசலில் வந்து நின்றது. ஜன்னலை இறக்கினார். பக்கத்து இருக்கையில் வெள்ளை மூட்டை இருந்தது.

"லோவெல், ஒரு சந்தேகம். மண்ணுல வெரல விட்டுப் பாக்கச் சொல்றாங்களாம் வெர்னா. ஊரெல்லாம் அதே பேச்சு. அது வலதுகை வெரலா, எடதுகை வெரலா?"

லோவெல் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"வெரலு எதுவா வேணா இருக்கட்டும், கோர்டன். மூளை மட்டும் உன்னோடதா இருக்கட்டும்."